எலிக்குக் கிடைத்த ரெஸ்ட்

திருப்பதியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் அனிமல் ஹவுஸில், சோதனை எலிகளைப் பார்க்கும் டெக்னீஷியனாக இருந்த காலத்தில், வேலை செய்ய மாட்டேன் என்று நான் அடம்பிடித்தது ஒரே தடவைதான். அந்தக் கோபம் ரிட்டயர் ஆன பிறகும் ஆறவில்லை.

புறா எச்சத்தின் தூசியைச் சுவாசித்துக்கொண்டே இருந்தால் அதிலுள்ள புரதத்தால் சிலருக்கு நுரையீரலில் அலர்ஜி வரும். அதை வெள்ளை எலிகளுக்கு வரவழைத்துப் பார்ப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். எச்சத்தைக் காயவைத்து அரைத்து, கரைத்து வடிகட்டி, எலியின் மூக்கில் சொட்டு விடுவோம். சில எலிகளுக்குப் பாதியில் நிறுத்திவிடுவோம். அது ரெஸ்ட் குரூப். ஸ்லைடில் அவற்றின் நுரையீரல் தெளிந்திருக்கும். நிறுத்தாதவற்றுக்குத் தழும்பேறி இருக்கும்.

பின்கட்டில் இருந்த புறாக்கூண்டைப் பெருக்கி எச்சத்தை வாரி வருபவர் பாலசமுத்திரத்து முனிரத்தினம். எங்களுக்கு மாஸ்க், கிளவுஸ் எல்லாம் உண்டு. அவருக்குத் தோளில் கிடந்த துண்டுதான்.

ஒருநாள் எச்சப் பையை மாடிக்குக் கொண்டுவந்தவர், மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கூண்டு பெருக்கின சாயந்திரமே குளிர் ஜுரம் வந்துடுதுண்ணா. ஊர்ல நாலு நாள் இருந்தா சரியாப் பூடுது. சித்தூர் டாக்டர் ஆஸ்துமான்னு ஸ்ப்ரே குடுத்தாரு. அடிச்சுக்கினுதான் கீறேன்."

நேராக ப்ராஜெக்ட் தலைவரான மேடத்திடம் போனேன்.

"முனிரத்தினத்துக்கும் அதே சீக்குதான் மேடம். ஸ்கேன் எடுக்கணும். வேற வேலை குடுங்க."

"ஆளை மாத்தினா சேம்பிள் மாறிடும், சேகர் காரு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லுங்க. அவரு நம்ம ஸ்டடியில இல்லையே?"

ஸ்டடியில் இல்லையாம்! ஒரு எலி எதிர்பாராமல் செத்தால் எதிக்ஸ் கமிட்டிக்கு விளக்கம் எழுதுகிறோம். இந்த மனுஷனுக்கு மூச்சு முட்டினால் கேட்க நாதியில்லை.

"அவரைக் கூண்டுக்குள்ள அனுப்புறதை நிறுத்துற வரைக்கும் எலிக்கு நான் சொட்டு விட மாட்டேன்."

சொட்டு தவறினால் அத்தனை எலியும் வீண். அந்தப் பயத்தில்தான் மேடம் இறங்கி வந்தார், முனிரத்தினத்துக்காக இல்லை. அவரை கேட் டூட்டிக்கு மாற்றி, என்னோடு ஸ்கேனுக்கும் அனுப்பினார்கள். அதற்குள் நுரையீரலின் அடிப்பக்கம் தழும்பேறிவிட்டது. அது இனி மாறாது என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

வெளியே காத்திருந்த முனிரத்தினம் கேட்டார்: "ரெஸ்ட் குடுத்த எலிக்குச் சரியாயிடுச்சுன்னு சொன்னீங்களேண்ணா, அப்ப எனக்கும் ஆயிடும்ல?"



அனிமல் ஹவுஸுக்குப் புதிதாக வருகிறவர்களே, எலியின் மூச்சை எண்ணுவதற்கு முன்னால், அந்தப் பையைத் தூக்கி வந்தவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பாருங்கள்.