நொட்டாங்கை எழுத்து

கிருபைராஜ் அண்ணாச்சியைத் திருடன் என்று முதலில் சொன்னவன் நான்தான். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்கேயாவது நைசாக நுழைத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.

நாங்கள் எல்லாம் திருநெல்வேலி ஜங்ஷனைச் சுற்றிப் போர்டு எழுதிப் பிழைத்தவர்கள். நான் மேலப்பாளையத்து அகமது மீரான். ஆட்டோ, லாரி, நம்பர் பிளேட், அதற்கு மேல் என்னை நம்பி யாரும் வேலை தந்ததில்லை. கிருபைராஜ் பாளையங்கோட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கடைப் போர்டில் கெட்டிக்காரர். அவரிடம் ஊர் கண்ட ஒரே குறை இடது கைப் பழக்கம். நொட்டாங்கை கிருபை என்றுதான் கூப்பிடுவோம். கேலி எங்களுக்கு, பாடு அவருக்கு. புதுக் கடைக்குப் பெயர் எழுதப் போனால் முதலாளி பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, முதல் எழுத்தையாவது சோத்தாங்கையால் எழுதச் சொல்வார். இடது கை தொட்டுத் தொடங்கிய கடை விளங்காதாம். அவரும் முதல் எழுத்தை வலது கையால் எழுதிவிட்டு, அப்புறம் பிரஷ்ஷைக் கை மாற்றிக்கொள்வார். அந்த ஒரு எழுத்து சோகை பிடித்தாற்போல நிற்கும். மற்றதெல்லாம் ஜம்மென்று இருக்கும்.

அவருக்கு உயிர்க் கூட்டாளி மீனாட்சிபுரம் காசிலிங்கம். அவரும் போர்டு எழுதுகிறவர்தான். ஒரே சைக்கிளில் ஏணியைச் சாத்திக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் போவதை ஊரே பார்த்திருக்கிறது.

தொண்ணூற்றொன்றில் காசிலிங்கம் பெயரில் ஒரு புது எழுத்து வந்தது. ‘ழ’வின் வால், ‘கு’வின் சுழி எல்லாம் வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கம் சாய்ந்து, முடிகிற இடத்தில் தடித்து நிற்கும். நாலு மாதத்தில் ஏழெட்டுக் கடைகளுக்கு அது ஏறிவிட்டது. ஒவ்வொன்றின் மூலையிலும் ‘காசி’ என்று கையெழுத்து. ஜனங்களே அதற்குக் காசி எழுத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எங்கள் சங்கத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. சினிமா போஸ்டரைப் பார்த்து எழுதலாம், பத்திரிகையைப் பார்த்து எழுதலாம். சங்கத்தில் ஒருத்தன் எழுத்தை இன்னொருத்தன் தொடக் கூடாது.

தொண்ணூற்று மூன்றில் வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைப் போர்டைப் பார்த்தேன். அதே எழுத்து. மூலையில் ‘கிருபை’. எனக்கு வந்ததே கோபம். உண்மையைச் சொன்னால் கோபம் பாதி, பெரிய ஆள் சறுக்கிவிட்டான் என்ற சந்தோஷம் பாதி. நேரே டீக்கடைக்குப் போய்ச் சொன்னேன். மறுநாளே செயலாளர் ஞானசிகாமணி கூட்டம் போட்டுவிட்டார்.

கிருபைராஜ் என்ன பதில் சொல்கிறார் என்று செயலாளர் கேட்டார். அவர் செயலாளரைப் பார்க்கவே இல்லை. காசிலிங்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காசிலிங்கம் இரண்டு கையையும் அக்குளுக்குள் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த எழுத்து உம்முடையதுதானா என்று அவரிடம் கேட்டபோது ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

“சரிதான் வே. அவன் எழுத்தப் பாத்துத்தான் எழுதுனேன்,” என்றார் கிருபைராஜ்.

நாங்கள் பன்னிரண்டு பேரும் பிரஷ் பிடித்தவர்கள். அந்தச் சாய்வு எந்தக் கையில் வரும் என்று ஒரு மடையனுக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. இனி டவுனிலும் ஜங்ஷனிலும் அவர் போர்டு எழுதக் கூடாது என்று தீர்மானம் போட்டோம். நானும் கையைத் தூக்கினேன்.

அதற்குப் பிறகு அவர் கல்லறைக் கற்களில் பெயர் எழுதப் போய்விட்டார். இடது கையால் எழுதுவதையும் விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றாறில் காசிலிங்கம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். சங்கத்தின் சார்பில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பது வழக்கம். யார் எழுதுவது என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் மனைவி சண்முகசுந்தரி, கிருபை அண்ணன்தான் எழுத வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். செயலாளருக்குப் பிடிக்கவில்லை. தாலியறுத்தவளிடம் வாதாட முடியுமா? துணியையும் பெயிண்டையும் என்னிடம் கொடுத்துப் பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்.

சேதியைக் கேட்டதும் கிருபைராஜ் எழுந்து வந்தார். துணியை முற்றத்தில் இழுத்துக் கட்டினார். பிரஷ்ஷை இடது கையில் எடுத்தார். துக்கத்துக்கு எந்தக் கையாயிருந்தால் என்ன, தடுக்க எந்த முதலாளியும் பக்கத்தில் இல்லை. முதல் எழுத்திலிருந்தே அந்தச் சாய்வு வந்தது. மூன்று வருஷம் தொடாத கை அது, ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை. கடைசியில் மூலைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

‘காசி’ என்று போட்டிருந்தார்.

பெயர் மாறிவிட்டது என்றேன். அவர் குனிந்து பார்த்தார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பிரஷ்ஷிலிருந்து கருப்பு பெயிண்ட் வேட்டியில் சொட்டியது.

“அந்த எழுத்துக்கு அந்தப் பேரு போட்டுத்தாம்லே இந்தக் கைக்குப் பழக்கம்.”

பிறகு பையச் சொன்னார். தொண்ணூற்றொன்றில் காசிலிங்கத்துக்குக் கைநடுக்கம் வந்திருக்கிறது. அப்போதுதான் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம். தொழிலாளி கை ஆடுகிறது என்று தெரிந்தால் கடைக்காரனும் போவான், மாப்பிள்ளை வீட்டாரும் போவார்கள். மருந்தில் கை நிலைக்கிற வரை நாலு மாதம், காசிலிங்கம் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு இவர்தான் எழுதியிருக்கிறார். யாரும் பார்க்காத இடத்தில் இடது கை தன் போக்குக்குப் போனது. அங்கே பிறந்ததுதான் அந்த எழுத்து. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததே, இனி நம் எழுத்தை நாம் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

கேட்கக் கேட்க எனக்கு அந்தப் போர்டுகள் எல்லாம் கண்ணில் வந்தன. காசி என்று கையெழுத்துப் போட்ட ஒவ்வொன்றிலும் முதல் எழுத்து சோகை பிடித்துத்தான் நிற்கும். சாத்திய கதவுக்குள்ளேயும் அவர் பழக்கத்தில் முதல் எழுத்தை வலது கையால் எழுதியிருக்கிறார். அன்றாடம் அந்தப் போர்டுகளுக்குக் கீழே சைக்கிளில் போனவன் நான்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி?”

“அவன் சொல்லுவான்னு இருந்தேம்லே.”

கையெழுத்தை அழிக்கவா என்று கேட்டேன். அவர் பிரஷ்ஷைக் கழுவப் போய்விட்டார். நான் அப்படியே எடுத்துக்கொண்டு போனேன்.

சாவு வீட்டு வாசலில் பேனரைக் கட்டியதும் செயலாளர் கண்ணில் மூலை பட்டுவிட்டது. செத்தவன் பேனரில் செத்தவன் கையெழுத்தா என்று என்னை ஏசிவிட்டு, டர்பன்டைனில் துணியை நனைத்துக்கொண்டு வந்தார். சண்முகசுந்தரி தலைவிரி கோலமாக எழுந்து வந்து குறுக்கே நின்றார்.

“அத அழிக்காதீங்க அண்ணாச்சி. அந்த எழுத்துல இருக்க ‘காசி’ எல்லாமே கிருபை அண்ணன் போட்டதுதான்.”

கொட்டகைக் கதையைச் சண்முகசுந்தரி வாயாலேயே எல்லோரும் கேட்டோம். செயலாளர் கையில் இருந்த துணியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பப் பாளையங்கோட்டைக்கே ஓட்டினேன்.

கிருபைராஜ் வீட்டில் இல்லை. கல்லறைத் தோட்டத்தில், யாருடைய பெயரையோ எழுதிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். சங்கமே கேட்டது, செயலாளர் தலைகுனிந்தார், தீர்மானத்தை ரத்து செய்துவிடுவார்கள், நாளைக்கே போர்டு எழுத வரலாம் என்றேன். என்னை மன்னிக்கச் சொல்லியும் கேட்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அவ சொன்னா, சரி. அவன் சொல்லலியேலே,” என்றார்.

மறுபடியும் கல்லுக்குக் குனிந்துகொண்டார். பிரஷ் வலது கையில்தான் இருந்தது.