கரித்தண்ணி வீடு

தண்ணீர் வடிகட்டி மாற்ற வந்த தம்பி பழைய உருளையைக் கவிழ்த்ததும் கரித்தூள் கொட்டியது. "சிரட்டைக் கரிதான் ஆன்ட்டி," என்றார்.

நான் சிறுமியாக இருந்தபோது, காஜா பேராங் ஊரில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சேற்று நாற்றம் அடிக்கும். அம்மா தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, அடியில் ஓட்டையிட்ட பானையில் மணலோடு அடுக்கித் தண்ணீரை வடிப்பார். "கரித்தண்ணி வீடு" என்று எதிர்வீட்டு அத்தை சிரிப்பார்.

மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு முதல் நாள் மழையில் கிணறுகளெல்லாம் கலங்கிவிட்டன. விடிந்ததும் அதே அத்தை குடத்தோடு வந்து நின்றார். "தெருவுக்கே ரோஸ் சிராப் கலக்கணும். ஒங்க தண்ணி குடுங்கக்கா."

அம்மா குடத்தை நிரப்பவில்லை. கரிப்பானையையே தூக்கிப் போய்ப் பந்தல் நடுவில் வைத்தார். அன்று தெரு முழுக்கக் கரித்தண்ணி வீடுதான்.

"இது எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லட்டுமா ஆன்ட்டி?"

"உட்காருங்க தம்பி. நான் சொல்றேன்."