கருவாட்டுக்காரர் முதுகும் டைரக்டர் மோவும்

மோ ஜோங்பில் சினிமாவுக்கு வந்தது தொண்டையால்தான். தென்கொரியாவில் யேசான் பக்கம் நில அளவைக்காரர் ஒருவரிடம் எடுபிடியாக இருந்து, வயல்களில் அளவு முளை அடித்துக்கொண்டிருந்தார். போர்க்காட்சி எடுக்க வந்த கூட்டம் ஒருநாள் அந்த முளைகளை எல்லாம் மிதித்துக்கொண்டு ஓடியது. வயலின் கோடியிலிருந்து இவர் போட்ட சத்தத்தில் இரண்டு பக்கத்துப் படைகளும் அப்படியே நின்றுவிட்டன. கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த பெரிய டைரக்டர், "யாருய்யா அது? என் ஆளுங்க காலையிலேருந்து கத்தியும் நிக்காத கூட்டம். அவனைக் கூட்டிட்டு வாங்க" என்றாராம். மறுவாரமே மோ தலைநகர் சோலுக்கு ரயில் ஏறிவிட்டார்.

பல வருஷம் உதவி டைரக்டராக இருந்தார். உதவி என்றால் கத்துவதுதான். பெரியவர் வயிற்றில் ஆபரேஷன் என்று படுத்தபோது, எப்படியும் கத்துவது இவர்தானே என்று மீதிப் படத்தையும் இவரையே முடிக்கச் சொன்னார்கள். பெரியவர் இல்லாதது நடிகர்களில் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. அப்படித்தான் மோ டைரக்டர் ஆனார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும், ஏனென்றால் சினிமாக் கம்பெனிகள் நிறைந்த சுங்முரோ தெருவில் மாடியில் இருந்த என் காபிக்கடைதான் அவருக்கு ஆபீஸ். என் பெயர் போங்ரே. ஆனால் மேடம் என்றால்தான் அங்கே தெரியும். சினிமாக்காரர்கள் காலையில் வந்து ஒரு காபியை முன்னால் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள். டெலிபோன் மணி அடித்தால் போதும், அத்தனை தலையும் நிமிரும்.

மோவுக்கு வேலை கொடுத்தவர் குக் முதலாளி. படக் கம்பெனி வைத்திருந்தாரே தவிர, படம் என்றால் அவருக்குத் தூக்கம் வந்துவிடும். வெளிநாட்டுப் படத்தை இறக்கி ஓட்டினால்தான் லாபம். அதற்கு உரிமம் வேண்டுமென்றால் உள்ளூரில் இத்தனை படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று அப்போது சட்டம். எடுத்தால் போதும். யாராவது பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை.

"மோ, படம் நல்லா இருக்கணும்னு என்னைக்காவது கேட்டிருக்கேனா?"

"இல்லீங்க முதலாளி."

"படம் இருக்கணும். அவ்வளவுதான்."

மோவுக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. ஒரே வீட்டில் காலையில் ஒற்றர் படம் எடுப்பார், திரைச்சீலையை மாற்றிவிட்டு மத்தியானம் மாமியார் படம் எடுப்பார். ஒரு தடவை மாமியார் ஞாபக மறதியில் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவிவிட்டார். மோ அதை வெட்டாமலே விட்டார். "மாமியார்னா அப்படித்தான் இருக்கணும் மேடம்" என்றார் என்னிடம்.

எழுபத்து நாலாம் வருஷம் இலையுதிர் காலத்தில் இஞ்சான் துறைமுகத்தில் ஒரு காதல் படம். மாலுமி ஒருவன், அவனுக்காகக் காத்திருக்கும் ஒருத்தி. மாலுமியாக நடித்தவர் கி தேசோக், அப்போது பெரிய நட்சத்திரம். ஒருநாள் குக் முதலாளி கார் அனுப்ப மறந்ததால் அவர் பஸ்ஸில் வர வேண்டியதாயிற்று. பஸ்ஸில் வந்ததுகூடப் பரவாயில்லை. வழி நெடுக ஒருத்தர்கூட அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அந்த அவமானத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு பூசானில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அவர் முகம் வரும் காட்சி ஒன்றுகூட அதுவரை எடுத்திருக்கவில்லை.

மறுநாள் காலை மோ என் கடையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது கூ மான்போக் வந்தார். சந்தையில் கருவாட்டுக்கடை வைத்திருந்தவர், காலையில் மஞ்சள்கரு போட்ட காபி குடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது. வழக்கம்போல கல்லாப் பக்கமாக முகத்தை வைத்து, மோவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அண்ணே, திரும்பாதீங்க!"

மோவின் சத்தத்தில் கூவின் காபி மேஜை முழுக்கக் கொட்டியது.

"எதுக்குய்யா? பின்னாடி பாம்பா?"

"திரும்பாதீங்கன்னா திரும்பாதீங்க. மேடம், இங்க வந்து நின்னு பாருங்க. இது கி தேசோக் தானே?"

நான் போய்ப் பார்த்தேன். அந்தத் தோள் சரிவு, அந்த நீளம், அப்படியே இருந்தது. "தோள் சரிதான். தலைதான் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கு" என்றேன்.

"தொப்பி போட்டுடலாம். அண்ணே, சினிமாவுல நடிக்கிறீங்களா?"

"ஐயோ, எனக்கு வெக்கம்பா."

"உங்க முகமே தெரியாதுண்ணே."

"அப்ப நான் எதுக்கு?"

"முதுகுக்கு."

கூ மேஜையில் கொட்டிய காபியைத் துடைத்தார். "என் வீட்டுக்காரிக்குத் தெரியாம இருந்தா வர்றேன்" என்றார்.

அப்படித்தான் அந்தப் படத்தில் மாலுமி யாரையும் திரும்பிப் பார்க்காத ஆளாக மாறினான். காதலிக்கும்போதும் கடலைப் பார்த்தே நிற்பான். கோபம் வந்தால் கடலை இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பான். குரல் ஒரு பிரச்சினையே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாப் படத்துக்கும் பேச்சைப் பிறகுதான் சேர்ப்பார்கள். கி தேசோக்கின் புகழ்பெற்ற குரலே வேறொரு குள்ளமான மனிதருடையது.

கடைசிக் காட்சியில் கதாநாயகி ஆன் சேரான் அந்த முதுகில் சாய்ந்து அழ வேண்டும். சாய்ந்தவள் உடனே துள்ளி எழுந்தாள்.

"டைரக்டர் சார், இவர் மேல கருவாட்டு வாடை அடிக்குது. கண்ணெல்லாம் எரியுது!"

"ரொம்ப நல்லது. துடைக்காத. அப்படியே சாஞ்சுக்க."

'அந்தப் படகு போகட்டும்' என்று குக் முதலாளி ஏதோ ஒரு பெயர் வைத்து, ஊருக்கு வெளியே ஒரு பழைய தியேட்டரில் போட்டார். நாலு நாள் ஓடியதாகக் கணக்குக் காட்டிவிட்டு எடுத்துவிடுவதாக இருந்தார். ஆனால் சந்தைப் பெண்கள் வந்தார்கள். வந்தவர்கள் மறுநாள் நாத்தனார், ஓரகத்தி என்று கூட்டிக்கொண்டு வந்தார்கள். திரும்பிப் பார்க்காத அந்த ஆளை நினைத்து அப்படி ஓர் அழுகை. கூவின் மனைவியும் போயிருந்தாள். நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள்: "ஊரே மூக்கைச் சிந்துது மேடம். நான் மட்டும் எந்திரிச்சு, அடப்பாவி மனுஷா, சரக்கு வாங்கப் போறேன்னுட்டு இங்க வந்தா நிக்கிறேன்னு கத்திட்டேன். இருபது வருஷமா எனக்குக் காட்டுற முதுகு, எனக்குத் தெரியாதா?" கூ ஒரு வாரம் கடையிலேயே படுத்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். பத்திரிகையில் ஒரு விமர்சகர் எழுதினார். பாரிஸில் படித்துவிட்டு வந்தவர். முகம் காட்ட மறுக்கும் அந்த மனிதன் இந்தக் காலத்தின் மௌனம் என்றும், டைரக்டர் மோ தைரியசாலி என்றும் அரைப் பக்கத்துக்கு எழுதிவிட்டார். மோ அதை என் கடையில் வைத்து இரண்டு தடவை படித்தார். "இதுல திட்டியிருக்காரா, பாராட்டியிருக்காரா?" என்று கேட்டார். எனக்கும் புரியவில்லை. ஆனால் வேறு யாருக்கோ புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் உளவுத்துறை ஜீப் வந்து மோவை ஏற்றிக்கொண்டு போனது.

ராணுவ ஆட்சி நடந்த அந்தக் காலத்தில் ஜீப் வந்து கூட்டிப்போனால் கடையில் யாரும் பேச மாட்டார்கள். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. சாயங்காலம் டெலிபோன் அடித்தது. மோதான். தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"மேடம், கூ அண்ணனை அனுப்புங்க. தொப்பியும் கோட்டும் கம்பெனி காஸ்ட்யூமர்கிட்ட இருக்கும். சீக்கிரம்."

தனியாகப் போக மாட்டேன் என்று கூ தூணைப் பிடித்துக்கொண்டதால் நானும் போனேன். உள்ளே அதிகாரி சொக் என்பவர் மேஜைக்குப் பின்னால் இருந்தார். மெலிந்த, களைத்த மனிதர். மோ எதிரே வியர்வையில் சட்டை நனைய உட்கார்ந்திருந்தார்.

"கடைசியா கேக்குறேன். இந்த ஆள் யாருக்கு முதுகு காட்டுறான்? அரசாங்கத்துக்கா?"

"கேமராவுக்கு சார். ஹீரோ பூசானுக்கு ஓடிட்டார் சார். நின்னது இந்தக் கருவாட்டுக்காரர்தான்."

"பாரிஸ்ல படிச்சவர் பொய் எழுதுவாரா?"

"அவர் என்கிட்ட கேக்கவே இல்லையே சார்!"

கூவுக்குக் கோட்டை மாட்டி, தொப்பியை வைத்து, சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தினோம். அவர் கால் வெடவெடவென்று ஆடியது. முதுகு மட்டும் கல் மாதிரி நின்றது. சொக் பேனாவை மூடி வைத்தார். பிறகு எழுந்து வந்தார்.

"கொஞ்சம் சன்னல் பக்கம் போங்க."

கூ சன்னலைப் பார்த்து நின்றார்.

"தோளைத் தளர விடுங்க. ஆங்... அதேதான்." சொக் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். "என் வீட்டுக்காரி மூணு தடவை பாத்தா. மூணாவது தடவை என்னையும் இழுத்துட்டுப் போனா. நானும்..." என்று நிறுத்தி, மோவை ஒரு முறை முறைத்தார். "அப்ப நான் கருவாட்டுக்காரரைப் பாத்தா அழுதேன்?"

"மன்னிச்சுக்கங்க சார்" என்றார் மோ. கூவும் சன்னலைப் பார்த்தபடியே, "மன்னிச்சுக்கங்க" என்றார்.

விட்டுவிட்டார்கள். ஆனால் மேலதிகாரிக்குப் பதில் சொல்ல வேண்டுமே. அதனால் ஒரு நிபந்தனை: கடைசியில் கதாநாயகன் திரும்பி, முகம் காட்டி, நம்பிக்கையோடு சிரிக்க வேண்டும். படம் ஓடுகிறது என்று தெரிந்து கி தேசோக்கும் அதற்குள் பூசானிலிருந்து திரும்பியிருந்தார். நல்ல மனிதர்போல, காசு வேண்டாம், சிரித்துத் தருகிறேன் என்றார்.

புதுக் காட்சி சேர்ந்த அன்று நானும் மோவும் தியேட்டரில் பின்வரிசையில் இருந்தோம். கி தேசோக்கும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். திரையில் அந்த முதுகு மெல்லத் திரும்பியது. பல்வரிசையோடு ஒரு முகம் சிரித்தது.

"யாருடா இவன்?" என்றது முன்வரிசை.

"இவன் அவரில்ல!" என்று ஒரு பாட்டி எழுந்தே விட்டாள். "அவர் எங்க? அவரைக் காட்டு!"

யாரோ கொறித்துக்கொண்டிருந்த ஒரு காய்ந்த கணவாய்மீன் பறந்துபோய்த் திரையில் பட்டது. கி தேசோக் எப்போது எழுந்து போனார் என்று நாங்கள் பார்க்கவில்லை. அந்த வாரத்தோடு கூட்டமும் போயிற்று. குக் முதலாளிக்கு அதற்குள் உரிமம் கிடைத்துவிட்டதால் அவர் கவலைப்படவில்லை.

கவலையெல்லாம் மோவுக்குத்தான். அந்த விமர்சனத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் பாதியை நம்பத் தொடங்கிவிட்டார். அடுத்த படத்தை யோசித்து எடுத்தார். கத்தவே இல்லை. நடிகர்களிடம் மெதுவாக, மௌனத்தைப் பற்றிப் பேசினார். எல்லோரும் பயந்துபோய், அவருக்கு உடம்புக்கு ஏதோ என்று என்னிடம் வந்து விசாரித்தார்கள். பாரிஸ் விமர்சகர் வந்து பார்த்துவிட்டு, இதில் சொல்ல ஒன்றுமில்லை என்று இரண்டு வரி எழுதினார். மோ ஒரு நாள் முழுக்க அழுதார். மறுநாள் மாமியார் படம் எடுக்கப் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுவில் அந்தச் சட்டத்தையே எடுத்துவிட்டார்கள். படம் எடுக்காமலே படம் இறக்கலாம் என்றானதும், குக் முதலாளி அன்று மத்தியானமே கம்பெனியை மூடினார். மோ சொந்த ஊருக்குப் போய், கால்நடைத் துறைக்குப் பன்றி வளர்ப்புப் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள் எடுத்தார். நான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் யேசானிலிருந்து டெலிபோன். காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடிந்தது.

"மேடம்! இன்னைக்கு மண்டபத்துல படம் போட்டோம். முடிஞ்சதும் ஒருத்தரும் எந்திரிக்கல. கேள்வி கேட்டாங்க மேடம்! சினை பன்னிக்குத் தவிடு எவ்வளவு, குட்டிக்கு எந்த வாரத்துல ஊசின்னு வரிசையா கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். எனக்கு எல்லாமே தெரிஞ்சிருந்துச்சு மேடம்."