மாமாவின் இரண்டு பெட்டிகளும் பக்கத்துக் காணிப் பானையும்

போரில் இடம்பெயர்ந்து வன்னியில் வட்டக்கச்சிக்கு வந்தபோது, மாமா அலுமாரியை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டுத் தன் ஸ்டீரியோவின் இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர்களையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அலுமாரியை மாமி மறக்கவுமில்லை, மறக்க விடவுமில்லை. அங்கேயோ கறண்ட் இல்லை, பற்றரி கண்ணில் காண்பதற்கில்லை. ஊமைப் பெட்டிகளை மாமா தினமும் துடைத்தார்.

பக்கத்துக் காணிக்காரர் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். அவரிடம் ஒரு கசெற் றேடியோ இருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றினால், டைனமோ அதைப் பாட வைக்கும். தனி ஸ்பீக்கர் ஒன்றை மண்பானை வாயில் கவிழ்த்திருந்தார்.

"பானையில சோறு வேகும் தம்பி, சங்கீதம் வேகாது" என்றார் மாமா.

"அப்ப ஒங்க பொட்டியக் கொண்டாங்கண்ணே, பாத்துருவோம்."

குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது: "தோத்தால் பெட்டி எனக்கு. கோழி அடையிருக்க இடமில்லாமல் திரியுது."

ஞாயிறு பின்னேரம் போட்டி. அதே றேடியோ, அதே பாட்டு. பானைக்கு நான் சுற்றினேன். பாட்டு இடியிடித்து முடிந்தது. வேலியோரம் கூடியவர்கள், மின்குமிழின் முகத்தையே மறந்தவர்கள், "பேஸ் தாராளமாய்க் காணும், ட்ரெபிள்தான் உப்புக் குறைவு" என்று தலையாட்டினார்கள்.

மாமா தன் பெட்டிகளுக்குத் தானே சுற்றினார். மரத்துக்குள்ளிருந்து வயலின் எழுந்தது. வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டதுபோல் முற்றம் நனைந்தது. மாமா கண்ணை மூடினார். கை நின்றது. பாடகர் மலேரியாக்காரர்போல் இழுத்து, அனுங்கி, அடங்கினார். மாமா திரும்பச் சுற்றினார். நல்ல இடம் வந்தது; கேட்பதற்காகத் திரும்பவும் நின்றார்.

"அண்ணே, பாட்டு செத்துச் செத்துப் பொழைக்குதே!"

"நல்லாய்க் கேக்குது, அதாலதான் நிக்கிறன்!"

பாட்டை முடித்தது பானைதான் என்று வேலி தீர்ப்புச் சொன்னது. மாமாவின் முகம் சுருங்கியது.

மாமி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "தள்ளுங்கோ. ஒருக்கால் முழுசாக் கேளுங்கோ." ஆட்டுக்கல் சுற்றிய கை, பாட்டு பிசகவில்லை. மாமா கதிரையில் அசையாமல் இருந்தார்.

பாட்டு முடிந்ததும் மாமி ஒரு பெட்டியைத் தூக்கினார்.

"இஞ்சரப்பா, ஸ்டீரியோவுக்கு ரெண்டும் வேணும்!"

"ரெண்டு காது வைச்சிருந்தும் நான் சொல்லுறது உங்களுக்குக் கேக்கிறேல்லை. உங்களுக்கு ஒரு பெட்டி காணும்."

பிறகு பின்னேரங்களில் றேடியோ எங்கள் முற்றத்துக்கு வந்தது; வலப்பக்கம் பாட்டு, இடப்பக்கம் கோழி. குஞ்சுகள் பொரித்துக் கீச்சிட்ட அன்று பக்கத்துக் காணிக்காரர் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இப்பத்தாண்ணே ட்ரெபிள் சரியா வருது."

மாமாவும் தலையாட்டினார். பெடல் மாமியின் கையில் இருந்தது.