முதுகுப் பக்கம் மூன்று கொக்கி

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு இரண்டு வாரம் இருந்தபோது, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ரவிக்கை தைக்கும் கடையில் ஏணியிலிருந்து சரிந்து விழுந்தேன். விழுந்த இடத்தில் வெட்டுத்துணி குவிந்து கிடந்ததால் எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் சட்டைக்குள் வைத்திருந்த ஒரு விஷயம் அன்று வெளியே வந்துவிட்டது.

நான் ஏர்கோன், அதாவது குளிர்சாதனப் பெட்டி, பழுது பார்ப்பவன். வீடு சுங்கை வேயில், நாலாவது மாடி. வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய்வருவேன். நாற்பத்தைந்து வயதில் என் மார்பு இரண்டு பக்கமும் பெருக்க ஆரம்பித்தது. கொழுப்பு என்று நினைத்து, காலையில் தின்கிற எண்ணெய் ரொட்டி சானாயை நிறுத்தினேன். தொப்பை குறைந்தது, மார்பு அப்படியே இருந்தது. காம்புக்குப் பின்னால் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. தொட்டால் வலித்தது. ஹைவேயில் ஒரு குழியில் மோட்டார் இறங்கி ஏறினால் பல்லைக் கடித்துக்கொள்வேன். மத்தியான வெயிலில் மடிப்புக்கு அடியில் வியர்த்து, தோல் வெந்துபோகும்.

டாக்டரிடம் போகவில்லை. போனால் சட்டையைக் கழற்றச் சொல்வார்கள் அல்லவா? கோயிலில் மேல்சட்டையைக் கழற்ற வேண்டிய நாட்களில் வாசலோடு நின்றுகொண்டேன். கூட வேலை செய்கிற ஒருவன், "என்னா போஸ், மேல்மாடி கட்டறீங்களா?" என்று ஒருநாள் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். மறுநாளிலிருந்து இரண்டு அளவு பெரிய சட்டை போட ஆரம்பித்தேன்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி பார்த்துவிடக் கூடாது என்று படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டேன். அறையில் ஏர்கோன் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொன்னேன். ஏர்கோன்காரன் சொல்கிற காரணமா இது! ஆனால் அவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையணையும் போர்வையும் கொண்டுவந்து சோபாவில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

வலிக்கு ஏதாவது தாங்கல் வேண்டுமே. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் உடம்பை இறுக்கிப் பிடிக்கிற பனியன் ஒன்று வாங்கினேன். ரப்பர் மாதிரி இருந்தது, அரைநாளில் அரிப்பு தாங்க முடியவில்லை. கிள்ளானில் ஒரு பெண்கள் உள்ளாடைக் கடைக்குள்கூட ஒருமுறை போனேன். மனைவிக்கு என்று சொன்னேன். விற்கிற பெண் அளவு கேட்டாள். என் கண் என்னையும் அறியாமல் என் நெஞ்சைப் பார்த்தது. போனில் கேட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவன் திரும்பிப் பார்க்காமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

அப்புறம்தான் அலமாரியில் இருந்த பெங்கோங் ஞாபகம் வந்தது. பிரசவமான பெண்கள் வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டுகிற நீளமான பருத்தித் துணி அது. மலாய்க்காரர்களின் பழக்கம், எங்களைப் போன்ற வீடுகளுக்குள்ளும் எப்போதோ வந்துவிட்டது. எங்கள் மகள் பிறந்தபோது பக்கத்து வீட்டு மலாய் அம்மா தன் கையால் என் மனைவிக்குக் கட்டிவிட்டுப் போனது. அதை என் மனைவி மகளின் பிரசவத்துக்கென்று ரசகற்பூரம் போட்டு மடித்து வைத்திருந்தாள். எனக்கு அதெல்லாம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. காலையில் குளியலறையில் எட்டுச் சுற்று சுற்றி, நுனியைச் செருகிச் சட்டை போட்டுக்கொள்வேன். நெஞ்சு பலகை போலத் தட்டையாகிவிடும். சாயங்காலம் வந்ததும் அலசி, பின்பக்கக் கொடியில் தேய்ந்த துண்டுகளுக்கு நடுவே காயப்போடுவேன். மூச்சு முட்டத்தான் செய்தது. அதையும் பழகிக்கொண்டேன்.

அந்த ரவிக்கைக் கடைக்குப் போன அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. தீபாவளி அவசரத்தில் அவர்கள் கடை ஏர்கோன் நின்றுவிட்டது. உள்ளே நாலு தையல் மெஷின், அடுப்பு மாதிரிச் சூடு. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவு டேப், வாயில் குண்டூசி. "அண்ணே, எப்படியாச்சும் இன்னிக்கே செஞ்சு குடுத்துருங்கண்ணே, வேர்வை விழுந்து பட்டுத்துணி எல்லாம் கறையாயிரும்" என்றார். ஏணியில் ஏறி மூடியைக் கழற்றினேன். இரண்டு கையையும் மேலே தூக்கியதும் நெஞ்சு விரிய இடமில்லை. காது அடைத்தது. கண் முன்னால் பொட்டுப் பொட்டாகக் கறுப்பு. அவ்வளவுதான் தெரியும்.

கண் திறந்தபோது துணிக் குவியலில் கிடந்தேன். என் சட்டைப் பொத்தான்கள் திறந்திருந்தன. கடைக்காரப் பெண் என்மேல் குனிந்திருந்தார், கையில் பெரிய கத்தரிக்கோல். அவர் கையைப் பிடித்துத் தடுக்கப் பார்த்தேன். "கைய எடுங்கண்ணே, மூச்சே வரல உங்களுக்கு" என்று அதட்டிவிட்டு, கீழிருந்து மேலாக ஒரே வெட்டாக வெட்டினார். காற்று உள்ளே போனது. அப்படி ஒரு மூச்சை நான் வருடக்கணக்கில் இழுத்ததில்லை.

அதற்குள் வாடிக்கையாளர் ஒருவர் எட்டிப் பார்த்தார். கடைக்காரப் பெண் சட்டென்று என் சட்டையை இழுத்து மூடி, "வெயில் மயக்கம்லா, ஒண்ணுமில்ல, நீங்க அப்புறம் வாங்க" என்று அனுப்பிவிட்டு, அளவு பார்க்கும் அறைத் திரையை இழுத்துவிட்டார். மைலோ கலக்கிக் கொடுத்தார். நான் அவமானத்தில் தலையைத் தூக்கவில்லை. அவர் ஒரு கேள்விதான் கேட்டார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"மொதல்ல காட்டுங்க. அப்புறம் வாங்க, நான் ஒண்ணு தைச்சுத் தரேன். அமுக்கிக் கட்டினா வலி போவாதுண்ணே. அடியில இருந்து தாங்கணும். நான் இருவது வருஷமா தைக்கிறது அதுதானே."

அப்போதுதான் தரையில் கிடந்த பெங்கோங்கைப் பார்த்தேன். எட்டுச் சுற்றையும் சேர்த்து வெட்டியதில் ஒன்பது துண்டாகக் கிடந்தது. மகள் எட்டு மாதம் முழுகாமல் இருந்தாள். வளைகாப்பு முடிந்து, கிள்ளானிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். இன்னும் சில வாரத்தில் என் மனைவி அலமாரியைத் திறந்து இதைத் தேடுவாள். என்னவென்று சொல்வேன்?

எப்படியாவது ஒட்டுப்போட்டுத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். "தைச்சிரலாம். ஆனா தையல் தெரியும்ணே, மறைக்க முடியாது" என்றார். பரவாயில்லை என்றேன். ஏர்கோன் வேலையையும் அன்றே முடித்தோம். என்னை ஏணியில் ஏற விடாமல் அவர் கடைப் பெண் ஒருத்தியை ஏற்றினார்; நான் கீழே நின்று சொல்லச் சொல்ல அவள் செய்தாள்.

மறு வாரம் கிளினிக்குக்குப் போனேன். சின்ன வயது மலாய்ப் பெண் டாக்டர். முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் தொட்டுப் பார்த்தார். படம் எடுக்க அனுப்பினார். பயப்படும்படி ஒன்றுமில்லை என்று வந்தது. ஆண்களுக்கும் இது வருவதுண்டாம், நான் பிரஷருக்குச் சாப்பிடும் ஒரு மாத்திரையும் காரணமாக இருக்கலாமாம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். நாள்பட்டுவிட்டதால் முழுவதும் வற்றாது, வேண்டுமானால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம், இல்லையென்றால் தாங்கலான உள்ளாடை போதும் என்றார். சட்டையைக் கழற்றி நின்றது மொத்தமே பத்து நிமிடம்தான். இந்தப் பத்து நிமிடத்துக்குப் பயந்துதான் மூன்று வருடம் போயிருக்கிறது. எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது.

ரவிக்கைக் கடையில் கடைக்காரப் பெண்ணே அளவு எடுத்தார். மற்றவர்களுக்கு எடுக்கிற மாதிரியே டேப்பைச் சுற்றி, எண்ணைச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினார். தீபாவளி முடிந்து வாங்கப் போனேன். மெல்லிய பருத்தியில் பனியன் மாதிரி, அடியில் அகலப் பட்டை, உள்ளே ஒரு மடிப்புத் துணி. கொக்கி மூன்றும் முதுகுப் பக்கம் இருந்தன. முன்னால் வைத்திருக்கலாமே என்றேன்.

"முன்னால வச்சா சட்டைக்கு மேல முட்டிக்கிட்டு தெரியும்ணே. வீட்டுல அக்கா இருக்காங்கதானே, மாட்டிவிட மாட்டாங்களா?"

இருக்கிறாள் என்றேன். வேறு என்ன சொல்வது? வீட்டுக்கு வந்து குளியலறையில் தனியாக மாட்டிப் பார்த்தேன். ஏணி வேலை செய்து தேய்ந்த தோள், கை பின்னால் போகவே இல்லை. கழற்றி மோட்டார் பெட்டியில் போட்டுவிட்டேன். ஒட்டுப்போட்ட பெங்கோங்கைத் தையல் உள்பக்கம் போகும்படி மடித்து அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். இரண்டு பனியனை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, பழையபடி வலியோடு ஓட்டினேன்.

மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவமனையிலிருந்து வந்த மூன்றாம் நாள் காலை, மனைவி என்னை அறைக்குக் கூப்பிட்டாள். கட்டிலில் பெங்கோங் நீளமாக விரிந்து கிடந்தது. எட்டுத் தையலும் வரிசையாகத் தெரிந்தன.

"இத யாரு வெட்டினா?"

எலி என்று சொன்னேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

"எலி கத்திரிக்கோல் வச்சிருக்கா? வெட்டிட்டு மெஷின்ல தைச்சும் குடுத்துச்சா?"

என்னால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சட்டையைக் கழற்றினேன். மூன்று வருடம் கழித்து அவள் முன்னால் முதல்முறையாக. அவள் பார்த்தாள். தொடவில்லை, சிரிக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்தாள். நான் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து கிளினிக் வரைக்கும் எல்லாவற்றையும் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"இதுக்கா ஹால்ல போய் படுத்தீங்க?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"எனக்கு உடம்பு போட்டுருச்சு, பாக்கவே புடிக்காம போயிருச்சு போலன்னு நெனச்சேன். மூணு வருஷமா அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டுப் பெங்கோங்கின் நுனியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்தது. திட்டினாள். பக்கத்து அறையில் குழந்தை விழித்து அழுகிற அளவுக்குத் திட்டினாள். ஏணியில் இருந்து விழுந்தபோது பட்ட அவமானமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கேள்வி கேட்காமல் தலையணையைக் கொண்டுவந்து வைத்தவள், இதை நினைத்துக்கொண்டுதான் வைத்திருக்கிறாள்.

திட்டி முடித்ததும், "எங்க அது, அந்தப் பொண்ணு தைச்சது?" என்று கேட்டாள். கீழே போய் மோட்டார் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். திரும்பச் சொன்னாள். பட்டையை இழுத்து, மூன்று கொக்கியையும் மாட்டினாள்.

"மூச்சு விடுங்க. இறுக்குதா?"

இல்லை என்றேன்.

அந்த எட்டுத் தையல் பெங்கோங்கைத்தான் மகள் பிரசவப் பத்தியத்தின் நாற்பத்து நாலு நாளும் கட்டிக்கொண்டாள். இதென்ன இத்தனை ஒட்டு என்று அவள் கேட்டதற்கு, "உங்கப்பனக் கேளு" என்று என் மனைவி சொன்னாள். நான் சொன்னேன். மகள் போனில் தேடி, ஆண்களுக்கென்றே விற்கிற, முன்னால் ஜிப் வைத்த உள்ளாடை ஒன்றைக் காட்டினாள். யார் உதவியும் தேவையில்லை, நானே மாட்டிக்கொள்ளலாமாம்.

நல்லதுதான், வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். எனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த ரவிக்கைக் கடையில் ஏர்கோன் கழுவப் போகும்போது புதிதாக இரண்டு தைத்து வாங்கிக்கொள்வதே போதும். காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் கொக்கி மாட்ட மனைவிக்கு முதுகைக் காட்டி நிற்கும் அந்த அரை நிமிடத்தில், பேசாமலே போன மூன்று வருடத்தை நான் நினைக்காத நாள் இல்லை.