கொட்டாத குடம்

ஆண்டிமடத்தில் எலும்பை முறிக்கிற காய்ச்சல் பரவிய வருடம், சுகாதார ஆபீஸிலிருந்து காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்தார். ஒடிசலானவர். தேங்கிய தண்ணீரைக் கண்டால் யாரையும் கேட்காமல் கவிழ்த்துவிடுவார்.

தங்கைக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் தடிப்பு. அம்மை என்று நினைத்து அம்மா வேப்பிலைக் குடம் வைத்திருந்தாள். ஒரு வாரமாய் மாற்றாத தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து குனிந்து பார்த்தார். "இதுலேருந்துதாம்மா கொசு கெளம்புது. கொட்டிடுங்க."

"ஆத்தா எறங்காம கொட்டக் கூடாதுங்க."

"எங்க வூட்லயும் இதையேதான் சொல்றாங்க" என்றவர், குடத்தைத் தொடாமல் கும்பிட்டார். போகும்போது வாசலில் கிடந்த கொட்டாங்கச்சித் தண்ணீரை மட்டும் கவிழ்த்தார்.

மாதம் முடிவதற்குள் அம்மாவும் அதே காய்ச்சலில் படுத்தாள். குடத்தைக் கும்பிட்ட அந்தக் காக்கிச் சட்டைக்காரர் முகத்தை நினைத்துக்கொண்டேதான் இரண்டாவது குடத்தை நான் வைத்தேன்.