கறுப்புத் தலைக்கு யார் அப்பா?

போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு நண்டு வாங்கப் போனேன். ஒரு குருவியின் கற்பு விசாரணையில் நடுவராக உட்கார்ந்துவிட்டு, வெறும் பையோடு திரும்பினேன்.

டச்சுக் கல்லறைக்குப் பின்பக்கத் தெருவில் இருக்கும் தேசப்பனிடம்தான் எப்போதும் நண்டு வாங்குவேன். அவரும் பக்கத்து வீட்டு ஏழுமலையும் ஒரே போட்டில் ஏரிக்குப் போகிறவர்கள். பல வருஷக் கூட்டு. அன்றைக்குப் பார்த்தால் போட் கரையில் கிடக்கிறது. நான்கு நாளாகத் தொழிலுக்கே போகவில்லையாம்!

"என்ன தேசப்பன், உடம்பு சரியில்லையா?"

"மானம் போச்சு சார்..." என்று கூண்டைக் காட்டினார்.

உள்ளே ஒரு ஜோடி கோல்டியன் ஃபின்ச் என்ற வண்ணக் குருவிகள். சென்னையிலிருந்து ஆசை ஆசையாக வாங்கி வந்தவை. இரண்டுக்கும் தலை ரத்தச் சிவப்பு. அவற்றுக்குப் பிறந்த குஞ்சு முதலில் சாம்பல் நிறமாகத்தான் இருந்திருக்கிறது. இறகு உதிர்ந்து புது இறகு முளைத்தபோது பார்த்தால் — தலை கன்னங்கரேல்!

அந்தத் தெருவில் கறுப்புத் தலை ஆண் ஃபின்ச் ஒன்றே ஒன்றுதான். அது ஏழுமலை வீட்டில்.

"ரெண்டு கூண்டையும் பக்கத்துல பக்கத்துல மாட்டினது தப்பா பூட்ச்சு சார். கம்பி வழியாவே கவுத்துட்டான்!"

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது: "என் குருவி பூட்டின கூண்டுல கீது. கம்பிக்குள்ள பூந்து வர்றதுக்கு அது இன்னா கொசுவா?"

தேசப்பன் தீர்ப்பே எழுதிவிட்டார் — பெட்டைக் குருவியை விற்றுவிடுவது. அவர் மனைவி ரேவதி கூண்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"இத்த வித்தா, நானும் எளாவூருக்கு எங்க நைனா ஊட்டுக்குக் கிளம்பிடுவேன். ஒண்ணும் பண்ணாத ஜீவன் மேல பழி போடறதுக்கு ஒரு அளவு வேணாம்?"

நிலைமை கைமீறிப் போகிறதே என்று, தேசப்பனிடம் நம்பர் வாங்கி, குருவி விற்றவருக்கு போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கறுப்புத் தலைக் குஞ்சு பெட்டைதானே? நெஞ்சு நிறம் வெளிறி இருக்கும், பாருங்க."

பார்த்தோம். பெட்டைதான்.

"அப்புறமென்ன? இந்த ஜாதில சிவப்பா கறுப்பாங்கறது பெண் குஞ்சுக்கு அப்பன்கிட்டேருந்துதான் வரும். உங்க ஆணோட அம்மா கறுப்புத் தலை சார். இன்னும் என்கிட்டதான் இருக்கு. அவ கொடுத்த கறுப்பை இவன் உள்ளுக்குள்ள வெச்சுக்கிட்டு, வெளியில சிவப்பா சுத்தறான். அதைத்தான் பொண்ணுக்குக் கொடுத்திருக்கான்."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெடிச் சிரிப்பு. தேசப்பன் மதில் பக்கம் திரும்பி, "காலைல போட்டை எடுத்துரலாமாடா?" என்றார், குரலைத் தணித்து.

"எடுத்துரலாம், எடுத்துரலாம்!"

ரேவதி விடவில்லை. "அவரோட ராசி ஆயிட்ட. சரி. இவகிட்ட யாரு பேசறது?"

தேசப்பன் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. என்னை மட்டும் வேறு பக்கம் திரும்பச் சொன்னார். கூண்டருகே போய்க் கைகூப்பி, "மன்னிச்சுக்கம்மா" என்றார். நான் திரும்பவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெட்டை அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. பக்கத்திலேயே அந்த ஆண் குருவி மும்முரமாகத் தினை கொத்திக்கொண்டிருந்தது. நான்கு நாள் நடந்த விசாரணையில் அதன் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை...

ஆண் என்றால் குருவியாக இருந்தாலும் வசதிதான்!